கேள்வி பதில்: புவேராவா, நியூஸ்டாந்தஸா?

கேள்வி: எங்கள் தீம்பாரில் (தோட்டத்தில்) செம்பனைக் கன்றுகளுக்கு இடையே போடும் மூடுபயிரைப் ‘புவேரா’ என்றுதான் சொல்லிப் பழக்கம். விதைப் பையில் ‘புவேராரியா ஜவானிக்கா’ என்று அச்சடித்திருக்கிறது. விவசாயம் படிக்கும் என் மகளோ ‘நியூஸ்டாந்தஸ் பாசியோலாய்டஸ்’ என்கிறாள். மூன்றும் ஒன்றா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒரே கொடிதான். உங்கள் மகள் சொல்வது இப்போது வழங்கும் பெயர்.

தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதை முதலில் டோலிக்கஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், வைத்தார். இன்னொரு தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் 1852-இல் நியூஸ்டாந்தஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தி அதில் சேர்த்தார். பிறகு அவரே மனம் மாறி, டி காண்டோல் 1825-இல் அமைத்திருந்த புவேராரியாவுக்குள் கொண்டுபோனார். தோட்டங்களில் நிலைத்த ‘புவேரா’ அதன் சுருக்கம். ஜவானிக்கா என்பது இதே இனத்தின் ஒரு வகைக்கு வைத்த பெயர். விதை வியாபாரத்தில் இன்றுவரை ஓடுகிறது.

புவேராரியாவில் இருந்த செடிகள் எல்லாம் ஒரே மூதாதை வழி வந்தவை அல்ல என்று மரபணு ஆய்வு காட்டியது. அதனால் 2015-இல் பேரினத்தைப் பிரித்தார்கள். ஹேமண்டியா, டாக்சிகோபுவேராரியா என இரண்டு புதியவை பிறந்தன. ஓர் இனம் டெய்லேரியாவுக்குப் போனது. பெந்தமின் நியூஸ்டாந்தஸ் மீண்டும் உயிர்பெற்றது.

இப்படிப் பிரியும்போது பழைய பெயர் யாருக்கு? பேரினத்துக்கு மாதிரியாகக் குறிக்கப்பட்ட இனம் எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்தக் கிளைக்கு. புவேராரியாவின் மாதிரி இனம் இந்தியாவில் கிழங்குக்குப் பேர்போன புவேராரியா டியூபரோசா. அமெரிக்காவின் தென் மாநிலங்களை மூடிப் படர்ந்த குட்ஸுக் கொடியும் அந்தப் பக்கமே நின்றது. நம் கொடி வேறு கிளை என்பதால் பெயரை விட வேண்டியதாயிற்று. இது வீண் வேலை என்று எங்களுக்குத் தோன்றவில்லை: பெயர், உறவைச் சொல்ல வேண்டும். ஆனால் பழைய தோட்டக் கையேடுகள் எல்லாம் புவேராரியா என்றே பேசும். ஆகவே தேடும்போதும் விதை கேட்கும்போதும் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி: புவேரா, கலப்போ, சென்ட்ரோ என்ற மூடுபயிர்க் கொடிகள் மூன்றும் கலந்து படர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூன்று இலைதான். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், நிழலிலும் வெயிலிலும் அளவு மாறும். நெற்றைப் பாருங்கள்.

கலப்போ நெற்று 2 முதல் 4 செ.மீ. தான், பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். புவேரா நெற்று மெல்லியது, ஏறக்குறைய விரல் நீளம், முற்றினால் கறுக்கும். சென்ட்ரோவுடையது தட்டையாக 10 செ.மீ.க்கு மேல் நீண்டு, நுனியில் கூரிய மூக்கோடு இருக்கும்.

பூவிலும் சென்ட்ரோ தனித்துத் தெரியும். சங்குப்பூவைப் போலவே தலைகீழாகத் திரும்பி, அகன்ற பெரிய இதழ் கீழே இருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம். அந்த இதழின் முதுகில் சின்ன முள் போன்ற நீட்சி உண்டு. சென்ட்ரோசீமா என்ற பேரினப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். கலப்போ பூ சிறியது, நீலம். பூ இல்லாத காலத்தில் தண்டைத் தடவிப் பாருங்கள்: கலப்போவில் பழுப்பு மயிர் சொரசொரக்கும். புவேராவின் சிற்றிலை பெரிது, முக்கோண வாகு, சில சமயம் ஓரம் லேசாக மடல் விட்டிருக்கும்.

கேள்வி: விதைத்து மூன்று வாரமாகியும் புவேரா பாதிகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை. தோல் கடினமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாமல் மண்ணில் அப்படியே கிடக்கும். இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 75 டிகிரி வரும். அதில் விதையைக் கொட்டி 2 மணி நேரம் ஊற விடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் முளைக்கரு வெந்துவிடும். ஊறியும் உப்பாத விதைகளைச் சலித்தெடுத்து மறுபடி ஒருமுறை இதே மாதிரி செய்யலாம்.

ஆறியபின், நிழலில் வைத்து ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்) கலந்து, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் அந்த நுண்ணுயிர் செத்துவிடும். கொடி படர்ந்த பிறகு ஒன்றை வேரோடு தோண்டி, வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனை இழுக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.