எப்போதிலிருந்து? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கிளினிக்கல் சைக்காலஜி முடித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் 22 வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். சாப்பாடு இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை, பகலெல்லாம் படுக்கை. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9 போட்டுப் பார்த்தேன், 27க்கு 19 வந்தது. மனச்சோர்வு என்று எழுதி அனுப்பினேன். எங்கள் பிரிவின் டாக்டரும் மாத்திரை தொடங்கினார். மூன்றாவது வாரம் பையன் தூக்கமே இல்லாமல், ஊரெல்லாம் கடன் சொல்லிப் பொருள் வாங்கிக்கொண்டு, கட்சி தொடங்கப்போவதாகப் பேசிக்கொண்டு வந்து நின்றான். பைபோலார், சோர்வும் மேனியா என்கிற கட்டற்ற உற்சாகமும் மாறி மாறி வரும் நோய். "முன்னாடி இப்படி இருந்திருக்கானான்னு கேட்டியா?" என்று டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவனிடம் கேட்டேன், இல்லை என்றுதான் சொன்னான். அன்றிலிருந்து எதையும் உறுதியாக எழுதக் கை வரவில்லை. ஒன்றுபோலத் தெரியும் நோய்களைப் பிரித்தறிய எப்படிக் கற்பது? நோய்களை வகைப்படுத்த அமெரிக்கர்களின் டிஎஸ்எம்மைப் பின்பற்றுவதா, உலக சுகாதார அமைப்பின் ஐசிடியையா? நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள். நோயாளிகள் சரியாகப் பதில் சொல்வதும் இல்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த அவமானம். உங்களை எல்லோர் முன்னிலையிலும் அப்படிக் கேட்டது தப்பு. மாத்திரை எழுதியவர் அவர். அந்தக் கேள்வியை அவரும் கேட்டிருக்க வேண்டும். எட்டு மாத அனுபவத்தில் இது நடந்தது என்பதற்காக இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்று ஆகிவிடாது. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருப்பீர்கள், தெரியும். தூங்குங்கள்.

இனி கொஞ்சம் திட்டப்போகிறேன்.

"நோயாளிகள் சரியாகப் பதில் சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் சரியாகத்தான் சொன்னான். மனம் சோர்ந்து கிடப்பவனிடம் போய், நீ எப்போதாவது அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்தாயா என்று கேட்டால் அவனுக்கு என்ன நினைவுக்கு வரும்? அப்படியே வந்தாலும், மூன்று மணி நேரத் தூக்கத்தோடு பம்பரமாகச் சுழன்ற பத்து நாள்தான் தன் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நாள் என்று நினைப்பான். அதை நோய் என்று எந்தப் பையன் சொல்வான்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அவன் அம்மா அழைத்து வந்தார்" என்கிறீர்கள். அதற்கப்புறம் அந்த அம்மா கடிதத்திலேயே இல்லை. எங்கே போனார்? வராந்தாவில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னால் ஒரு வாரம் ராத்திரி முழுக்க வீட்டுக்குப் பெயின்ட் அடித்தானா, திடீரென்று மூன்று செல்போன் வாங்கினானா, பேச்சை நிறுத்த முடியாமல் சித்தப்பாவோடு சண்டை போட்டானா என்று கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பார். "ஹைப்போமேனியா இருந்ததா" என்று, லேசான மேனியாவுக்கான மருத்துவப் பெயரைச் சொல்லி, யாரிடமும் கேட்க முடியாது. தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருந்தானா என்று கேட்கலாம். செலவைக் கேட்கலாம், சண்டையைக் கேட்கலாம்.

பிஎச்க்யூ-9 சோர்வு எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. 102 டிகிரி காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது டைஃபாய்டா டெங்குவா என்று தெர்மாமீட்டரிடமா கேட்போம்? முன்பு மேனியா வந்திருக்கிறதா, உடல் நோய் உண்டா, மருந்து காரணமா, துக்கமா என்பதையெல்லாம் விலக்கிய பிறகே மனச்சோர்வு என்று எழுத வேண்டும் என அந்தப் படிவத்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. நாம் ஒன்பது கேள்வியைக் கேட்டுக் கூட்டிப் போட்டுவிட்டு, குறிப்பைப் படிப்பதில்லை.

இதை இவ்வளவு கோபமாக நான் எழுதக் காரணம் என் பெரியம்மா. கொஞ்ச நாளாகவே அவள் நினைவு. ஆடி வந்தால் வரும்.

சாத்தூரில் தனியாக இருந்தாள். அப்போது 72 வயது. நான் மனநல மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஆவணி பிறந்த சமயம் ஊருக்குப் போனபோது, இறந்துபோன தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். சுவரில் எறும்பு வரிசை போகிறது என்று முந்தானையால் துடைத்தாள். காலையில் கொஞ்சம் தெளிவு, சாயங்காலம் ஆனால் குழப்பம். ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தேதி கேட்டார்கள், கிழமை கேட்டார்கள், தப்பாகச் சொன்னாள். வயதைப் பார்த்தார்கள், டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்றார்கள். ஏழு எட்டு நிமிடம் ஆகியிருக்கும். நானும் தலையாட்டினேன். படித்துக்கொண்டிருந்தவன், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுத் திண்ணையில் பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். "ஆடி மொத வெள்ளிக்கு இருவத்தோரு புள்ளி வச்சு சிக்குக்கோலம் போட்டாங்க, நான்தான் பாத்தேனே. மூணாவது வெள்ளி வாசல்ல புள்ளியே இல்ல. ரெண்டு வாரத்துல ஒரு மனுசி எப்படிய்யா இப்படி ஆவாங்க?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மறதி நோய் பெரும்பாலும் ரெண்டு வாரத்தில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். கோலத்தில் முதலில் ஒரு வளைவு விடுபடும், அப்புறம் சின்னக் கோலமாகும், அப்புறம்தான் வாசல் வெறிச்சோடும். 21 புள்ளியிலிருந்து ரெண்டு வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனால் அது வேறு.

உள்ளே போய், பங்குனியிலிருந்து தமிழ் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். பங்குனி, மாசி என்றாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். நான் என்ன கேட்டேன் என்பதே அவளிடமிருந்து போய்விட்டது. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் நேற்று நடந்ததை மறப்பார்கள், ஆனால் எதிரில் நடக்கும் பேச்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பெரியம்மாவால் கவனத்தை நிறுத்தவே முடியவில்லை. டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பத்தின் அடையாளமே அதுதான். திடீரென்று வரும், ஏறி இறங்கும், கவனம் நிற்காது, அடியில் எப்போதும் ஓர் உடல் காரணம் இருக்கும்.

மாத்திரைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். அத்தனையையும் பாயில் கொட்டினேன். ஆடி ரெண்டாம் வாரம் வாங்கிய புது அட்டை ஒன்று இருந்தது. பிரஷர் மாத்திரையோடு, நீர் போகிற மருந்தும் சேர்ந்தது. ரத்தத்தில் சோடியம் பார்த்தோம். 135லிருந்து 145க்குள் இருக்க வேண்டியது, 116. வயதான பெண்களுக்கு அந்த வகை மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இப்படி ஆவது உண்டு என்று பாடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருந்தேன். மருந்தை நிறுத்தி, சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே கேடு. ஐந்தாம் நாள் காலையில் பெரியம்மா கேட்டாள்: "பால்காரன் இந்த மாசம் எத்தன நாள் ஊத்தாம விட்டான்னு குறிச்சு வச்சியா?"

அந்த மாத்திரை இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் 1886இல் டோர்பாட் நகரத்துக்கு, இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டுவுக்கு, பேராசிரியராகப் போனபோது அங்கிருந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். பிறகு ஹைடல்பர்க் வந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். எப்போது தொடங்கியது, எப்படிப் போனது, இடையில் தெளிந்தாரா, வருடங்கள் கழித்து எப்படி இருக்கிறார் என்று அதில் எழுதினார். அந்த அட்டைகளை வைத்துத்தான் 1899இல், பாடநூலின் 6ஆம் பதிப்பில், வந்து தெளிந்து திரும்ப வருகிற நோயையும், தெளியாமல் தேய்கிற நோயையும் தனித்தனியாகப் பிரித்தார். ஒரே நாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது கூட்டத்தில் பலர் நன்றாகவும் ஆவார்கள் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார், அது அவர் தவறு. ஆனால் காலத்தைப் பார் என்று சொன்னாரே, அதை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இல்லாத வாடை வருகிறது என்று யாராவது சொன்னாலும் நிதானியுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937இல் ரப்பர் கருகும் வாடை வருகிறது, தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹிஸ்டீரியா என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் நினைவிழந்தார், மூளையில் கட்டி. 38 வயதில் போய்விட்டார். வாழ்க்கையில் இதுவரை இல்லாத ஒன்று ஒருவருக்குப் புதிதாகத் தொடங்கினால், மனம் என்று எழுதுவதற்கு முன் உடம்பைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சியாவது அனுப்புங்கள். தைராய்டு, பி12, சோடியம், மருந்துப் பட்டியல்.

டிஎஸ்எம்மா ஐசிடியா என்ற கேள்வியை விடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். புத்தகமும் இப்போது வேண்டாம். வாங்கினால் அதையும் மனப்பாடம் செய்வீர்கள்.

பத்து நிமிடம்கூட இல்லை என்பது உண்மை, அது உங்கள் தவறல்ல. ஆனால் அந்தப் பத்தில் மூன்று நிமிடத்தை உடன் வந்தவருக்குக் கொடுங்கள். "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். "ரொம்ப நாளா" என்பார்கள். விடாதீர்கள். பொங்கலுக்கு எப்படி இருந்தார், போன திருவிழாவுக்கு வந்தாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், எப்போது தானாகக் குளித்தார்? நம் ஜனங்கள் தேதி சொல்ல மாட்டார்கள், பண்டிகை சொல்வார்கள், விதைப்பு சொல்வார்கள், சாவும் கல்யாணமும் சொல்வார்கள். ஒரு தாளில் கோடு போட்டு அதையெல்லாம் வரிசையாகக் குறியுங்கள். அது உங்கள் அட்டை.

அந்தப் பையன் மறுபடி வருவான், அவன் அம்மாவும் வருவார். வராந்தாவில் விடாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் தடவை கேட்காமல் விட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது இப்படி இருந்ததா, இவனுக்கு முதல் தடவை தூக்கம் போனது எந்த வருஷம், எந்தப் பண்டிகையை ஒட்டி என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.