மகன் டெபியனில் செய்வது வேலைக்கு உதவுமா?

அல்சூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை ராத்திரியெல்லாம் டெபியன் பேக்கேஜ் என்று உட்கார்ந்திருக்கிறான், ஒரு பைசா வருமானம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். அவன் நேரத்தை வீணாக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெபியன் 1993இல் தொடங்கிய லினக்ஸ், அதாவது விண்டோஸ் போல கணினியை இயக்கும் இலவச மென்பொருள். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது. உபுண்டு என்ற பிரபலமான லினக்ஸுக்கு அடித்தளமே அதுதான். யாரோ எழுதிய மென்பொருளை அதில் அப்படியே போட்டுவிட முடியாது. எளிதாக நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டித்தான் சேர்க்க வேண்டும். எந்தக் கோப்புக்கு எந்த லைசென்ஸ், ஓடுவதற்கு எந்தெந்த லைப்ரரி (துணை நிரல்கள்) வேண்டும் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் என்ற கருவி சுட்டிக்காட்டும் குறைகளைத் திருத்த வேண்டும். புதியவர்களுக்கு அதை டெபியனில் ஏற்றும் (அப்லோட்) உரிமை கிடையாது. அந்த உரிமை உள்ள முழு உறுப்பினரான ஒரு டெபியன் டெவலப்பர் ஸ்பான்சராக வந்து, சோதித்துப் பார்த்து ஏற்றுவார். புது பேக்கேஜ் என்றால் இன்னொரு குழு லைசென்ஸை மறுபடி அலசும். மாதக்கணக்கில்கூடக் காத்திருக்க நேரலாம்.

ஆனால் ஏற்றுவது சின்ன வேலை. அதன் பிறகு வருகிற பராமரிப்புதான் ஆளை உருவாக்குகிறது. முன்பின் தெரியாதவர் பிழை என்று எழுதினால் பொறுமையாகப் பதில் சொல்லி, அதைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்த்து, மூல ஆசிரியருக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன கருவிக்குள், கணினிகளில் திருட்டுத்தனமாக நுழைய யாரோ பின்வாசல் வைத்தது தெரியவந்தது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது அகப்பட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருந்ததும் டெபியனின் அன்ஸ்டேபிள் (இன்னும் உருவாகிவரும்) பதிப்புதான். அந்தக் கண்ணை எந்த கோர்ஸ் சர்டிஃபிகேட்டும் தராது.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள்: புது பேக்கேஜ்களாக அடுக்க வேண்டாம். கைவிடப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியல் டெபியனிலேயே இருக்கிறது. தான் தினமும் பயன்படுத்தும் ஒன்றை அதிலிருந்து எடுத்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றோ இரண்டோ போதும். செமஸ்டர் பரீட்சை நேரத்தில் கூட்டுப் பராமரிப்பாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கலாம், அதில் தப்பே இல்லை.

வேலைக்கு வருவோம். ரெட் ஹாட், சூசே என்ற லினக்ஸ் கம்பெனிகள் இரண்டுக்கும் பெங்களூரில் அலுவலகம் இருக்கிறது. கிளவுட், எம்பெடெட் கம்பெனிகளிலும் மென்பொருளைக் கட்டி வெளியிடும் பில்ட், ரிலீஸ் வேலைக்கு இந்தப் பழக்கம் நேரடியாக உதவும். அவன் செய்த ஒவ்வொரு அப்லோடும் பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகில் அவன் பெயரோடு இருக்கும். இன்டர்வியூவில் ஒரு பிழையை எப்படிப் பிடித்தான் என்று விளக்கினால் எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதற்காக கேம்பஸ் தேர்வை விட்டுவிடக் கூடாது. மார்க் கட்-ஆஃப், ஆப்டிட்யூட், கோடிங் டெஸ்ட் எல்லாம் வழக்கம்போல் இருக்கும், டெபியன் அவற்றுக்கு ஈடாகாது. வாரநாளில் அதற்கும், சனி ஞாயிறில் இதற்கும் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தன் பேக்கேஜைத் தானே ஏற்றும் உரிமையுள்ள டெபியன் மெயின்டெய்னர் ஆக, அவனை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சாவியான ஜிபிஜி சாவியில் ஒரு டெபியன் டெவலப்பரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பெரும்பாலும் நேரில் சந்தித்து, அடையாள ஆவணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். 2023இல் டெபியன்காரர்களின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் கொச்சியிலேயே நடந்தது. இந்தியாவில் சிறிய கூட்டங்களும் நடக்கின்றன. அடுத்தது பக்கத்து ஊரில் நடந்தால் தடுக்காமல் அனுப்புங்கள். அடையாள ஆவணமாகக் காட்ட அவனிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த லீவிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.