இசை நிகழ்ச்சி நடத்தி ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் நண்பர்களோடு ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறாராம். ஒரு விருந்து நிகழ்ச்சி நடத்தி, மிஞ்சும் பணத்தை பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு அடுக்குமாடியில் இருக்கும் தாய்மார்களுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, அது திரும்பி வந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துச் சுழற்றிவிட நினைக்கிறார். சரியாக வருமா என்பது கேள்வி.

நிகழ்ச்சி நடத்துங்கள், ஆனால் அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். வேறு விதமாகச் செலவழித்தால் அதே பணம் அந்தப் பெண்களுக்கு இன்னும் நன்றாக உதவும். நான் பட்டர்வொர்த்காரன், பல வருடமாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறேன், கோயில், தமிழ்ப்பள்ளி, சங்கம் என்று நிதி திரட்டும் விருந்துகளில் வாசித்தது கணக்கில்லை. என் அண்ணி அமானா இக்தியார் என்கிற சிறுகடன் அமைப்பில் கடன் எடுத்து முறுக்கு வியாபாரம் செய்கிறவர். இரண்டு பக்கமும் பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் விருந்துக் கணக்கு. ஒரு மேசை 1,000 வெள்ளி (ரிங்கிட்) என்று 50 மேசை விற்றதாக வைத்துக்கொள்வோம், கையில் 50,000 வரும். மேசைக்கு 500 சாப்பாட்டுக்கே போய்விடும். மண்டபம், சவுண்ட் சிஸ்டம், விளக்கு, மேடை அலங்காரம், பதாகை, வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து 15,000 போட்டால் மிச்சம் 10,000. ஆளுக்கு ஆயிரம் என்றால் பத்துப் பெண்கள். அவ்வளவுதான். இதற்கு நடுவில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசி, ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிக் காசோலையைத் தூக்கிக்காட்டி, படம் எடுத்துக்கொண்டு போவார். அந்தக் காசோலைக்கு உண்டான பணம் எப்போது வரும் என்று செயலாளர் மாதக்கணக்கில் போன் அடித்துக்கொண்டிருப்பார். பணம் கையில் வராமல் அதை வரவில் எழுதாதீர்கள்.

சரி, பத்துப் பேர் என்றாலும் பத்துப் பேர்தானே, திரும்பி வந்தால் அடுத்த பத்துப் பேருக்குப் போகுமே என்று கேட்பீர்கள். வராது. மண்டபத்தில் பாட்டுப் பாடி, கைதட்டி, மேடையில் பெயர் வாசித்துக் கொடுத்த பணத்தை யாரும் கடனாக நினைப்பதில்லை, தர்மமாகத்தான் நினைக்கிறார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை, கொடுத்த விதம் அப்படி. இரண்டு தவணை கட்டாமல் விட்டால் யார் போய்க் கேட்பது? நீங்களா, உங்கள் டிரம்மரா? கேட்கப் போனால் உறவு கெடும், கேட்காமல் விட்டால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறவரும் நிறுத்திவிடுவார்.

சிறுகடன் ஓடுவது பணத்தால் இல்லை, வாரா வாரம் நடக்கும் கூட்டத்தால். வங்காளதேசப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குக் கொடுத்த முதல் பணம் வெறும் 27 டாலர். அந்தத் தொகையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் 1983-இல் அது கிராமீன் வங்கியாக எழுந்து நின்றதற்குக் காரணம் ஐந்து பேர் கொண்ட குழு, வாரத் தவணை, ஊருக்கே வந்து உட்காரும் ஊழியர். ஒருத்தி தடுமாறினால் மற்ற நான்கு பேருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த ஊழியருக்கு மாதச் சம்பளம் வேண்டும், வருடக்கணக்கில் வேண்டும். ஒரு ராத்திரி கச்சேரியால் அது முடியாது.

இந்த வேலையை நம் நாட்டில் செய்ய ஆளில்லாமலும் இல்லை. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிப்பன்ஸ், சுகோர் காசிம் இருவரும் கிராமீன் முறையை 1986-இல் சிலாங்கூரில் சோதனையாகச் செய்து பார்த்து, 1987-இல் அமானா இக்தியார் மலேசியாவைத் தொடங்கினார்கள். வங்காளதேசத்துக்கு வெளியே அந்த முறையை எடுத்துச் செய்த முதல் சில அமைப்புகளில் இது ஒன்று. ஐவர் குழு, வாரக் கூட்டம், பிணை கிடையாது. 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ என்று 5 கோடி வெள்ளியில் தனித் திட்டமும் விட்டார்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான டெக்குனில், இந்தியர்களுக்கென்று ஸ்பூமி என்கிற கடன் திட்டம் இருக்கிறது. ஆக, கடனுக்கான முதல் இருக்கிறது, அதுவும் உங்கள் 10,000 வெள்ளியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு. நம் பெண்கள் பலர் அந்தக் கதவு வரைக்கும் போய்ச் சேராததுதான் சிக்கல்.

ஏன் போகவில்லை என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். வீட்டில் நாசி லெமாக் கட்டி விற்கிற அக்காவிடம் வியாபாரப் பதிவு இருக்காது. வியாபாரங்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி, பெரிய தொகை ஒன்றுமில்லை, ஆனால் மலாயில் படிவத்தைப் பார்த்ததுமே பயம். சாப்பாட்டு வியாபாரம் என்றால் டைபாய்டு ஊசி போட வேண்டும், உணவு கையாளுவோர் வகுப்புக்கு ஒரு நாள் போக வேண்டும், அந்த ஒரு நாள் சம்பளம் போய்விடும், பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாது. சிலருக்கு வங்கிக் கணக்கு இருந்தும் ஏடிஎம் கார்டு வட்டி முதலையின் பையில் இருக்கும். ஆயிரம் கேட்டால் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பான், அப்புறம் மாதம் பத்து வட்டி என்றால் வருடத்துக்கு 120 விழுக்காடு. உரிமம் வாங்கிக் கடன் கொடுப்பவரே பிணையில்லாக் கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் சொல்கிறது, அது இருப்பதே இவர்களுக்குத் தெரியாது.

கச்சேரிப் பணம் போக வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். பதிவுக் கட்டணம், ஊசி, வகுப்பு, அந்த நாள் கூலிக்கு ஈடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். கடன் கைக்கு வந்து வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் முதல் தவணைகள் வந்துவிடும், அந்தச் சில வாரங்களைத் தாண்ட ஒரு சிறு கைகொடுப்பு. கணவருக்கு விபத்து, பிள்ளைக்கு டெங்கி என்று வரும்போது தவணைக்காகத் தையல் மெஷினை விற்காமல் இருக்க ஒரு அவசர நிதி. இதெல்லாம் தர்மமாகவே கொடுக்கலாம், திரும்பி வர வேண்டியதில்லை, ஆகவே யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். என் கணக்கில் 10,000 வெள்ளியைக் கடனாகக் கொடுத்தால் பத்துப் பேர், இப்படிச் செலவழித்தால் பல மடங்கு பேரை அந்தக் கதவுக்குள் அனுப்பலாம்.

இன்னொன்று. நீங்களே பணத்தைச் சுழற்றுவது கொஞ்ச நாளில் கூட்டு (சீட்டு) மாதிரி ஆகிவிடும் ஆபத்து உண்டு. “அக்கா, நாமே மாதம் நூறு நூறு போட்டுக்கொள்ளலாமே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நம் ஆட்களுக்குக் கூட்டு கட்டுவது பழகின விஷயம்தான், ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காகித வேலையை அலட்சியமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக ஜார்ஜ் ஹாரிசன் வங்காளதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார், மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் முதலில் வாசித்தார்கள். நுழைவுச்சீட்டுப் பணம் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்த இசைத்தட்டுப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறையிடம் பத்து வருடத்தை ஒட்டிச் சிக்கிக்கொண்டது. நிகழ்ச்சிக்கு முன்னாடியே தர்ம நிகழ்ச்சி என்று முறையாகப் பதிந்து வரிவிலக்கு வாங்காததுதான் காரணம். அவ்வளவு பெரிய பெயர்களுக்கே அந்தக் கதி.

நம் ஊரில் நீங்கள் பார்க்க வேண்டியது: பணம் யார் கணக்கில் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வேண்டாம், பதிவு பெற்ற சங்கம் ஒன்றோடு சேருங்கள். வருமான வரிச் சட்டம் 44(6) அங்கீகாரம் உள்ள அமைப்பாக இருந்தால் கொடுக்கிறவருக்கும் வரிக் கழிவு கிடைக்கும், கடைக்காரர்களிடம் மேசை விற்க அது பெரிய உதவி. தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் குலுக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். மாநகர் மன்றத்தில் கேளிக்கை உரிமம், பாடல்களுக்கு எம்ஏசிபி என்கிற பாடலாசிரியர், இசையமைப்பாளர் அமைப்பிடம் காப்புரிமைக் கட்டணம், சென்னையிலிருந்து பாடகரைக் கூப்பிட்டால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி கொடுக்கும் புஸ்பால் குழுவின் அனுமதி. கூப்பிடாதீர்கள் என்பேன், டிக்கெட் பணம் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் போய்விடும்.

அப்புறம், இதை எழுதினால் ஏற்பாட்டாளர்கள் பலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் எழுதுகிறேன். நல்ல காரியம்தானே என்று வாசிக்கிறவர்களைச் சும்மா வாசிக்கச் சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்காரரிடம் யாரும் சும்மா கேட்பதில்லை, மண்டபக்காரரிடம் கேட்பதில்லை, தபேலா வாசிக்கிறவரிடம் மட்டும் கேட்பார்கள். குழுவில் பாடும் பெண்களில் பலர் பகலில் தொழிற்சாலை வேலை, கிளீனர் வேலை பார்க்கிறவர்கள், நீங்கள் உதவ நினைக்கிற அதே வீடுகளில் இருந்து வருகிறவர்கள். ஒரு ஏழைப் பெண்ணின் ராத்திரிக் கூலியை வெட்டி இன்னொரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

இசையால் வேறு ஒரு லாபம் இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். மண்டப வாசலில் அந்தப் பெண்களுக்கே கடை போடக் கொடுங்கள். ஐந்நூறு பேர் வருகிற இடம், பாட்டு ஆரம்பிக்க எப்படியும் ஒரு மணி நேரம் தாமதமாகும், அந்த நேரத்தில் முறுக்கு, பூச்சரம், தைத்த ரவிக்கை, மருதாணி எல்லாம் விற்கும். என் அண்ணிக்குத் தீபாவளி ஆர்டர் கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் அப்படி வாசலில் வாங்கித் தின்று பார்த்தவர்கள்தான். வாடிக்கையாளர் கிடைத்தால் தவணை தானாகக் கட்டுப்படும். பெரிய விருந்து ஒன்றுக்குப் பதிலாக மாதம் ஒரு தடவை கோயில் மண்டபத்தில் சின்னக் கச்சேரி வைத்தால் கடையும் மாதா மாதம் இருக்கும். 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்கிற கலை அமைப்பு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கலை வகுப்புகளையும், மனம்போல் கொடுத்துச் சாப்பிடலாம் என்கிற அன்னலட்சுமி உணவகத்தையும் சேர்த்து நடத்துகிறது. ஒரு ராத்திரிக் கூட்டத்தை நம்பாமல் தினமும் நடக்கிற ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சிறுகடனையே மந்திரமாகவும் நினைக்க வேண்டாம். 2010-இல் ஆந்திராவில் தனியார் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு மேலுக்கு மேல் கடன் கொடுத்து வசூலுக்கு நெருக்கி, தற்கொலை வரை போய், அரசு அவசரச் சட்டம் போட்டது. 2015-இல் ஆறு நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பொருளியலாளர்கள் பானர்ஜி, கார்லன், ஜின்மன் மூவரும் பலன் உண்டு, ஆனால் வாழ்க்கையையே புரட்டிப் போடும் அளவுக்கு இல்லை என்றுதான் எழுதினார்கள். அண்ணியும் பணக்காரர் ஆகவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரிடமும் போய் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் வையுங்கள். கல்யாணம் இல்லாததால் மண்டபம் மலிவாகக் கிடைக்கும், வாசிக்கிறவர்களும் சும்மா இருப்பார்கள். தீபாவளிச் சரக்குக்கு மாவும் எண்ணெயும் வாங்கி, பதிவு, ஊசி எல்லாம் முடித்து, கடனுக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கையில் இருக்கும். புரட்டாசிக்குத் தள்ளினால் பாதிப்பேர் சைவம், மேசை விற்பது கஷ்டம்.