கொலோசல் ஸ்குவிட்: வாசகர் கேள்விகள்

கே: உலகிலேயே பெரிய கணவாய் எது? ஜயன்ட் ஸ்குவிட் என்று சிலர், கொலோசல் ஸ்குவிட் என்று சிலர். எது சரி?

ப: நீளத்தில் ஜயன்ட், எடையில் கொலோசல். முதுகெலும்பில்லாத உயிரினங்களில் இதைவிடக் கனமானது வேறில்லை. 2007இல் அண்டார்டிகாவின் ராஸ் கடலில் டூத்ஃபிஷ் பிடிக்கப் போன நியூசிலாந்துக் கப்பலின் தூண்டிலில், அதில் மாட்டியிருந்த மீனை விடாமல் தின்றபடியே மேலே வந்தது ஒரு பெண் கணவாய். எடை 495 கிலோ. அதை உறையவைத்து வெலிங்டனில் உள்ள டே பாபா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள், அடுத்த வருஷம் உருகவைத்து அளந்தால் நீளம் 4.2 மீட்டர்தான் வந்தது, நீள்கரங்கள் இரண்டும் அவ்வளவு சுருங்கிப்போயிருந்தன. ஆனால் இதுதான் உச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் அலகைவிட (கிளிமூக்கு மாதிரியான கடினமான வாய்) பெரிய அலகுகள் ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடைத்திருக்கின்றன.

கே: திமிங்கிலத்தோடு சண்டை போடும் கொடூர மிருகம் என்கிறார்களே, உண்மையா?

ப: இந்தப் பிம்பத்தை நான் ஏற்கவில்லை. ஆயுதங்கள் பயங்கரமானவைதான்: எட்டுக் கரங்களில் உறிஞ்சிகளோடு கூர்மையான கொக்கிகள், நீள்கரங்களின் நுனியில் சுழலக்கூடிய கொக்கிகள். திமிங்கிலங்களின் தோலில் இவை கீறிய தழும்புகளும் உண்டு, ஆனால் அந்தத் தழும்புகள் கணவாய் தின்னப்படும்போது திமிறியதன் அடையாளம், வேட்டைக்குப் போனதன் அடையாளம் அல்ல.

உடம்பைப் பாருங்கள். இது கண்ணாடிக் கணவாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் கணவாய்கள் உடலுக்குள் அமோனியம் கலந்த திரவத்தை நிரப்பி வைத்திருக்கும், அது கடல்நீரைவிட லேசானது என்பதால் நீந்தாமலேயே மிதக்க முடியும். (சாப்பிடலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார், அமோனியா நாற்றத்தில் வாயில் வைக்க முடியாது!) உறவுக்காரக் கணவாய்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்பதை வைத்து 2010இல் ஒரு கணக்கு வெளியானது. அதன்படி, அந்தக் குளிரில் 500 கிலோ கணவாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் இரை போதும், அதாவது 5 கிலோ மீன் ஒன்று கிடைத்தால் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஓட்டிவிடலாம். இப்படிப்பட்ட பிராணி எதற்குத் துரத்தி அலைய வேண்டும்? மிதந்தபடி காத்திருந்து, பக்கத்தில் வந்ததைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கே: இருட்டில் வாழ்வதற்கு அவ்வளவு பெரிய கண் எதற்கு?

ப: குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர், கால்பந்தைவிடப் பெரிய கண்! இரையைத் தேட மட்டும் இவ்வளவு தேவையில்லை. ஸ்பெர்ம் திமிங்கிலம் பாய்ந்து வரும்போது வழியிலுள்ள நுண்ணுயிர்கள் கலங்கி ஒளிரும், அந்த மங்கலான பெரிய வடிவத்தை 120 மீட்டருக்கு அப்பாலேயே கண்டுகொள்ளத்தான் இந்தக் கண் என்று 2012இல் ஓர் ஆய்வு வாதிட்டது. வேட்டைக்காரனின் கண்ணைவிட, தப்பிக்கப் பார்ப்பவனின் கண் என்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

கே: எங்கெல்லாம் இருக்கிறது?

ப: அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல் முழுவதும். குஞ்சுகள் மேல்மட்டத்தில் இருக்கும், வளர வளர ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும்.

கே: உயிரோடு யாராவது பார்த்திருக்கிறார்களா?

ப: 1925இல் கை ராப்சன் இந்த இனத்தை முதலில் விவரித்ததே, ஃபாக்லாந்து தீவுகள் பக்கம் பிடிபட்ட ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து எடுத்த கரங்களை வைத்துத்தான். அதன்பின் மீன்பிடிக் கப்பல்களில் சாகும் நிலையில் சில மேலே வந்ததுண்டு. அதன் சொந்த இடத்தில் உயிரோடு படம் பிடித்தது சரியாக நூறு வருஷம் கழித்து, 2025 மார்ச் 9 அன்று. தெற்கு சாண்ட்விச் தீவுகள் அருகே 600 மீட்டர் ஆழத்தில், ஷ்மிட் கடல் ஆய்வு நிறுவனத்தின் சுபாஸ்டியன் என்ற ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி அதைப் பதிவு செய்தது. 30 சென்டிமீட்டர் நீளக் குட்டி, உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. கரங்களின் நடுப்பகுதியில் இருந்த கொக்கிகளைப் பார்த்துத்தான் நிபுணர்கள் இது கொலோசல் என்று உறுதி செய்தார்கள், ஏனென்றால் அதே கடலில் வாழும் இன்னொரு கண்ணாடிக் கணவாயின் குட்டியும் ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும், அதற்கு அந்தக் கொக்கிகள் மட்டும் கிடையாது.