சேர்த்த அறிமுகங்கள் யார் கையில்?

கேள்வி: தொழில்முனைவோர் கூட்டங்களில் கிடைத்த அறிமுகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாதி விசிட்டிங் கார்டுகளாக என் மேசையில், மீதி விற்பனைப் பணியாளர்களின் கைப்பேசிகளில். வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை, இரண்டு ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மென்பொருள் உங்களுக்குத் தேவைதான். ஆனால் இரண்டு ஆண்டுப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். பிடிக்காமல் போனாலும் விட்டு விலக மனம் வராதபடி கட்டிவைப்பதற்காகவே பெரும்பாலும் இத்தகைய தள்ளுபடி தரப்படுகிறது.

முதலில் இலவச சோதனைக் காலத்தைக் கேட்டு வாங்குங்கள். உண்மையான முப்பது, நாற்பது பெயர்களை உள்ளிட்டு, யார் மூலம் அறிமுகம், என்ன கேட்டார், எப்போது திரும்ப அழைக்கச் சொன்னார் என்ற குறிப்புகளையும் எழுதுங்கள். பிறகு அத்தனையையும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணையாக, வெளியே எடுத்துப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை மென்பொருளுக்கு இதுதான் முதல் பரீட்சை. பெயரும் எண்ணும் வந்து, குறிப்புகள் வராமல் போனால் அந்த மென்பொருள் வேண்டாம். அந்தக் கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம்; பதறாமல், தரவை இறக்குமதி செய்யும் வசதியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

விலையையும் சரியாகக் கணக்கிடுங்கள். இத்தகைய மென்பொருள்களில் பல, பயனர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்றுதான் வசூலிக்கின்றன. இன்று மூன்று பேர். தொழில் வளர்ந்து எட்டுப் பேரானால்? புதுப்பிக்கும்போது என்ன விலை, சந்தா நின்றபின் தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

குறிப்புகளை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அறிமுகங்கள் வழியாக வேலை பெற்றவர்களை ஆராய்ந்து, 1973இல் கட்டுரை வெளியிட்டார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். அவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர், எப்போதாவது சந்திப்பவர்கள். நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளியிருப்பவரிடமிருந்து வருகிறது. தொழிலுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நாம் மறந்துபோவதும் அத்தகையவர்களைத்தான். அவர்களைப் பற்றிய குறிப்பு, பணியாளர் விலகும்போது அவரது கைப்பேசியோடு போய்விடக் கூடாது. விற்பனைக்கென நிறுவனத்தின் பெயரில் தனி எண் வாங்குங்கள். மென்பொருள் முடிவாகும்வரை ஒரு சாதாரண விரிதாளே போதும். அதை இன்றே தொடங்கலாம்.

ஒன்று மட்டும்: பேசுவதற்காகக் கார்டு கொடுத்தவரை அவர் சம்மதமின்றி விளம்பரப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் இணையதளத்தின் டொமைன் பெயரை (இணைய முகவரியை) வடிவமைப்பாளரே பதிவு செய்தார். அது அவர் பெயரில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லையா?

பதில்: கூடாது. பதிவுதாரர் யாரோ, டொமைன் அவர் கட்டுப்பாட்டில்தான். மின்னஞ்சலும் அதே டொமைனில் இயங்கினால் ஆபத்து இரட்டிப்பு. உறவு நன்றாக இருக்கும்போதே பதிவுதாரர் பெயரையும் தொடர்பு மின்னஞ்சலையும் உங்கள் நிறுவனத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல் இதே டொமைனில் உள்ளதாக இருக்க வேண்டாம். டொமைன் முடங்கினால் மீட்புச் செய்தியும் வந்து சேராது. டொமைனைப் பதிவு செய்யும் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால், பதிவுதாரர் பெயர் மாற்றத்துக்குப் பின் 60 நாள் தடை வரக்கூடும். புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.