‘நாடு விரும்பியது’ என்று எழுதும் மாணவி

அன்புள்ள ஐயா,

மானுடப் புவியியல் துறையில் இப்போதுதான் நெறியாளர் ஆகியிருக்கிறேன். முதல் மாணவி ‘தெற்காசிய எல்லைகளின் புவிசார் அரசியல்’ என்ற தலைப்பில் பதிவு செய்து ஓராண்டாகிறது. நிறைய வாசிக்கிறார், நன்றாக எழுதுகிறார். ஆனால் எழுதியதைப் படித்தால் செய்தித் தொகுப்பாகவே இருக்கிறது. அடுத்த மாதம் களத்துக்குப் போகிறேன் என்கிறார். அனுப்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது அனுப்பாதீர்கள். மாணவியின் உழைப்பில் குறையில்லை. தலைப்புதான் சிக்கல். அது ஒரு பாடத்தாளின் பெயர், அதில் கேள்வியே இல்லை.

அவர் எழுதிய ஓர் இயலை எடுத்து, ‘இந்தியா கருதியது’, ‘வங்கதேசம் விரும்பியது’ என்று வரும் இடங்களையெல்லாம் அவரையே அடிக்கோடிடச் சொல்லுங்கள். கருதியது யார், எந்த அலுவலகத்தில், எந்த ஆவணத்தில் என்று ஓரத்தில் குறிக்கட்டும். பல இடங்களில் ஓரம் காலியாகவே இருக்கும். அவர் தேட வேண்டிய சான்றுகளின் பட்டியல் அதுதான். நாட்டை எல்லைக்கோட்டுக்குள் அடைத்த ஒற்றை அலகாகப் பார்க்கும் பழக்கத்தைப் புவியியலாளர் ஜான் ஆக்னியூ 1994-இல் ‘ஆட்புலப் பொறி’ (territorial trap) என்றார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியிலேயே அதே பொறியில் விழும் ஆய்வேடுகள் ஏராளம்.

அடுத்து, கேள்வியைச் சுருக்க வேண்டும். 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவும் வங்கதேசமும் 162 சித்மகால்களை, அதாவது ஒரு நாட்டின் நிலமாக இருந்தும் மற்ற நாட்டுக்குள் தீவுபோல் கிடந்த நிலத்துண்டுகளை, பரிமாறிக்கொண்டன. அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1974-இல். ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்ற கேள்வியை ஒரு மாணவியால் முடிக்க இயலாது. ‘மேற்கு வங்கத்தின் கூச் பிகார் மாவட்டத்தில் இந்தியாவோடு சேர்ந்த ஒரு சித்மகாலில், எந்தச் சான்றை வைத்து யாருக்கு நிலப்பத்திரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?’ என்று கேட்டால் முடிக்கலாம். இடம், காலம், சான்று மூன்றும் அதிலேயே இருக்கின்றன. இறையாண்மை பற்றிய பெரிய கேள்வியும் தொலைந்துபோகவில்லை. நிலப்பத்திரத்தின் வழியாக உள்ளே வருகிறது.

களத்துக்குப் போகும் முன் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். முப்பது நேர்காணல் என்றால் 150 முதல் 180 மணி நேரம், மொழிபெயர்ப்பு தனி. இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் மூன்றாம் ஆண்டில் பலர் திணறுகிறார்கள். முதல் மூன்று நேர்காணல்களை உடனே எழுத்தாக்கி உங்களுக்கு அனுப்பட்டும். கேள்விகள் பதிலை வாயில் ஊட்டுகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும்.

நேர்காணல் தந்தவரின் அடையாளத்தை மறைக்கப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவோடு சேர்ந்த 51 சித்மகால்களிலும் சேர்த்து 2011 கூட்டுக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 14,215 பேர். சராசரியாக ஒன்றில் 300 பேர்கூட இல்லை. ‘ஓய்வுபெற்ற ஆசிரியர், இரு பக்கமும் உறவினர் உள்ளவர்’ என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். எல்லைப்புறத்தில் அது அவருக்கே ஆபத்து. ஊரின் பெயரையும் மறைக்க வேண்டியிருக்கலாம். புகைப்படங்களில் பதியும் ஜிபிஎஸ் விவரத்தை அழிக்க வேண்டும். உண்மைப் பெயர்ப் பட்டியலும் நேர்காணல் கோப்புகளும் ஒரே கணினியில் இருக்கவே கூடாது.

வரைபடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, 2015-க்குப் பிந்தைய தரவைப் பழைய எல்லைக் கோப்பின் மேல் வைப்பது. எல்லைக்கோடு எந்த ஆண்டுடையது, யார் வரைந்தது என்று ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருக்கட்டும்.

சந்திப்பு இரு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஐந்து பக்கம் மூன்று நாள் முன்னதாக உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் வாசிப்பில் வாதத்தை மட்டும் பாருங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தந்தால் அவற்றை மட்டும் சரிசெய்துகொண்டு வருவார்; வாதம் அப்படியே கிடக்கும்.

கள அனுமதி மறுக்கப்படலாம். நாடாளுமன்ற விவாதங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், இடம்பெயர்ந்து வேறிடத்தில் வாழ்பவர்கள் ஆகியவற்றை வைத்து அதே கேள்விக்கு எவ்வளவு தூரம் விடை காண முடியும் என்று இரண்டு பக்கம் எழுதி வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு பயணத் தேதியைப் பேசலாம்.