வேலியோரச் செங்காந்தள்

கேள்வி: எங்கள் வேலியில் செங்காந்தள் தானாகப் படர்ந்து பூக்கிறது. பிரசவ வலி எடுப்பதற்கு இதன் கிழங்கை அரைத்துப் பூசுவார்கள் என்கிறார் என் மாமியார். வேகவைத்தால் மூட்டுவலிக்கு உண்ணலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இவை உண்மையா?
– வாசகி ஒருவர், தாராபுரம்

பதில்: தங்கள் மாமியார் சொல்வது வழக்கத்தில் இருந்ததுதான். மகப்பேறு தாமதித்தாலோ நஞ்சுக்கொடி விழாமல் நின்றாலோ, கலப்பைக்கிழங்கு எனப்படும் இக்கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பற்றுப்போடுவது மருத்துவச்சிகளின் முறை. மருத்துவமனை இருக்கும் இக்காலத்தில் அதை நாடத் தேவையில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதோ உயிருக்கே உலை வைக்கும். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் முதலில் நிற்பதும் தமிழ்நாட்டின் மாநில மலருமான இச்செடியின் எல்லா உறுப்புகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. அது உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்துவிடுவதால், ஓயாமல் புதுப்பிக்கப்படும் குடற்சுவரும் எலும்பு மச்சையுமே முதலில் பழுதடைகின்றன. வேகவைப்பதால் இந்நஞ்சு நீங்காது. இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு.

மூட்டுவலிப் பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருத்துவர்கள் தரும் மாத்திரையில் இருப்பது இதே கோல்சிசின்தான். அந்த மாத்திரையிலோ அது அரை மில்லிகிராம் அளவே இருக்கும். தங்கள் தாராபுரத்தையும் மூலனூரையும் சுற்றியுள்ள உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதே செடியைப் பயிரிட்டு, காலையில் பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதையை விற்பதும் இம்மருந்துக்காகவே. ஆனால் கிழங்குக்குக் கிழங்கு நஞ்சின் அளவு வேறுபடும். அதை அடுப்படியில் யார் அளப்பது? சித்த மருத்துவர்கள்கூட இதை உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்திச் சுத்தி செய்த பிறகே கையாளுகிறார்கள்.

பூவுக்காகச் செடியை வைத்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகள் உள்ள வீடாயின் அகற்றிவிடுவதே என் விருப்பம். தோண்டும்போது கையுறை அணியுங்கள். எவரேனும் தின்றுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம் என்பதால், ஆள் நன்றாக இருக்கிறாரே என்று காத்திராமல், தின்றதில் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.